தண்டல் பணமும் தள்ளுவண்டியும்

திருப்பதி ரயிலடியில் விடியுமுன்பே இட்லி வண்டிகளில் அடுப்பு மூண்டு விடுகிறது. மாலையில் வரும் தண்டல்காரருக்கு எடுத்து வைத்த பிறகுதான் மறுநாள் உளுந்துக்குக் கணக்கு.

தண்டலில் பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாளில் அடைக்கவேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அசல் தினமும் குறைகிறதே! ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது.

மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஜாமீனில்லாமல் வங்கிக் கடன் உண்டு. 10,000 ஆக இருந்த முதல் கடனை 2025 ஆகஸ்டில் 15,000 ஆக்கினார்கள். தவணை தவறாதவர்களுக்கு அடுத்து 25,000, பிறகு 50,000; வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு.

ஆனால் வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அதை வண்டி நிற்கும் ஊரின் மாநகராட்சியில்தான் வாங்கவேண்டும். திருப்பதியானாலும் சித்தூரானாலும் அப்படித்தான். ஆதாரில் செல்போன் எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். வேலூர்ப் பக்கமிருந்து வந்து வண்டி போட்டவருக்கு இதற்கே இரண்டு நாள் வியாபாரம் போய்விடும்.

தண்டல்காரர் அட்டை கேட்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்கும் பணம் தருகிறார்.