பீனிசத்துக்குக் கன்னத்தை உடைப்பானேன்?

கொத்மலைப் பனிக்குளிரில் மூக்கடைத்து நெற்றி வலித்தால் ஆவி பிடிப்போம். இதமாக இருக்கும், ஆனால் பீனிசத்தில் அடைபட்ட காற்றறை வாசல் திறக்காது.

முக எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளில் நுண்மயிர்கள் சளியை இயற்கை வாசலை நோக்கியே தள்ளுகின்றன. வேறிடத்தில் துளையிட்டாலும் சளி பழைய வாசலுக்கே போகும்! ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வைத்தியர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் இதை எண்டோஸ்கோப்பால் விளக்கினார். அதற்கு முன் மேலுதட்டின் உட்புறம் கீறி, கன்ன எலும்பைத் துளைத்து, சவ்வையே சுரண்டி எடுத்தார்கள். இன்று 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள எண்டோஸ்கோப் குழாய் மூக்குவழியே போகிறது. வாசலை மட்டும் அகலமாக்குகிறார்கள். கண்ணும் மூளையும் மெல்லிய எலும்புக்கு அப்பால்தான். அதனால்தான் முதலில் சீ.டி. ஸ்கேன்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. கொதித்தாறிய உப்புநீரால் கழுவுதலும் மூக்கு ஸ்பிரேயுமே பலருக்குப் போதும். தொல்லை 12 வாரம் தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். கண் வீங்கினால் அன்றைக்கே போங்கள்.