பள்ளிக்கூடத்துக் காகிதம்

பிள்ளையின் பையில் பள்ளியிலிருந்து வரும் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? நம்மவர் வீடுகள் பலவற்றில் பிள்ளையேதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்வதும் அதே பிள்ளைதான்.

அண்மையில் ஆண்டாப் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். மகன் மாநகராட்சியின் ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. காகிதம் மராத்தியில் இருந்தது. பெற்றோர் கூட்டத்திற்கான அழைப்பு. கூட்டமோ முந்திய வாரமே நடந்து முடிந்துவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா நோட்டீஸ்" என்றிருக்கிறான் பையன். கணக்கில் அவன் வாங்கிய மார்க் அப்படி!

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ் வழியில் பிள்ளைகள் படித்தபோது நம் தாய்மார்கள் வாத்தியாரிடம் நேரே போய்க் கேட்டார்கள். பிறகு பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து ஆங்கில வழிக்கு மாற்றினோம். தவறென்று சொல்ல மாட்டேன், நானும் அதையே செய்தேன். ஆனால் அதோடு நாம் பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டோம். பெற்றோர் வருவதே இல்லை என்கிறார்கள் ஆசிரியர்கள்; பணம் கட்டவும் புகார் கேட்கவும்தானே கூப்பிடுகிறார்கள் என்கிறோம் நாம். இப்போது செய்திகள் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. அந்தக் கைபேசியும் பிள்ளையின் கையில்!

ரயில் ஸ்டேஷனைக் கடக்கும்போது டிரைவரும் கார்டும் ஒருவருக்கொருவர் கொடி காட்டிக்கொள்வார்கள். நடுவில் பயணியிடம் சொல்லியனுப்புவதில்லை.

அந்த அம்மாள் தவறவிட்டது சாதாரணக் கூட்டமல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கூட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 21ஆவது பிரிவின்படி அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் இக்குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பது இதன் வேலை. சிறுபான்மையினர் பள்ளிகளிலும் மற்ற அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மட்டும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆலோசனை சொல்வதோடு சரி. குழுவில் சேரப் பெற்றோருக்கு இவ்வளவு படிப்பு வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை.

தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கும் வழி உண்டு. மகாராஷ்டிரத்தின் 2011ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒவ்வொரு பெற்றோரும் பெற்றோர்-ஆசிரியர் சங்க உறுப்பினர். செயற்குழுவுக்கு, விருப்பம் தெரிவித்த பெற்றோரிடமிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். கட்டணத்தை நிர்வாகம் அந்தக் குழுவின் முன்தான் வைக்க வேண்டும். பெயர் கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்து, கட்டணம் ஏறிவிட்டதென்று புலம்புகிறோம்.

வேலை நாளில் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிவேலைக்குப் போகிறவர் எப்படி வருவார் என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடமும் அந்தக் குழுதான்.

பக்கத்து வீட்டு அம்மாள் மறுநாளே பள்ளிக்குப் போனார். அரைகுறை இந்தியில் வகுப்பு டீச்சரிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தாராம். அடுத்த கூட்டத்தின் தேதியைக் காலண்டரில் தன் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார்.