மூடுபனிக்குள் ஒரு தூரிகை

ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து லண்டன் தெருக்களை மனம் தோய்ந்து வரைந்தவர்களில் ஒருவர், ஜப்பானில் பிறந்த யோஷியோ மார்கினோ.

1897-இல் லண்டன் வந்து சேர்ந்தவருக்கு முதல் சில ஆண்டுகள் பெரும் வறுமை. கல்லறைக் கற்கள் செய்யும் கடையில் தேவதை உருவங்கள்கூட வரைந்து கொடுத்தார். 1907-இல் வெளியான 'தி கலர் ஆஃப் லண்டன்' நூலின் ஓவியங்கள்தாம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

லண்டன்வாசிகள் அலுத்துக்கொண்ட மூடுபனிதான் மார்கினோவுக்கு உயிர். காகிதத்தை நீரில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் வண்ணம் தீட்டுவார். கோடுகள் கசிந்து கரையும். பனி தானாகவே படத்துக்குள் இறங்கிவிடும். பிக்கடிலி சாலையைக் கடக்கும் பெண்கள், மங்கலாகத் தெரியும் குதிரை வண்டி, மழை நனைத்த நடைபாதையில் சிதறும் விளக்கொளி. அரண்மனைகளைவிட இந்தச் சாதாரண மாலைப் பொழுதுகளில்தான் அந்த நகரம் நமக்கு நெருக்கமாகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானும் பிரிட்டனும் எதிரிகளாயின. 1942-இல் மார்கினோ தாயகம் திரும்ப நேர்ந்தது. 1956-இல் அங்கேயே காலமானார்.