மட்டாஞ்சேரிப் பட்டறைக்கு ஒரு மேசை

மட்டாஞ்சேரியில் மர வேலை என்றால் புதுக் கட்டிலும் அலமாரியும் மட்டுமல்ல. யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளிலிருந்து தூண், கதவு, பத்தாயப் பலகை, பித்தளைப் பூண் போட்ட நெட்டூர்ப் பெட்டி எல்லாம் பழுது பார்க்க வரும். 2012இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சி நடக்கும் மாதங்களில் காட்சிப் பீடமும் பொதிப்பெட்டியும் வேண்டும். இன்று ஏழடிக் கதவு வரும், நாளை உள்ளங்கை அளவுச் செதுக்குத் துண்டு வரும். வேலை நடக்கும் இடமோ பழைய கிடங்கில் தடுத்துக் கொடுத்த பத்துக்குப் பதினான்கு அடி அறை. ரம்பத்துக்கு, ரூட்டருக்கு, இழைப்புக்கு, பசை போட்டுக் கூட்டுவதற்கு என்று நான்கு மேசை போட்டால் ஆள் திரும்ப இடமிருக்காது. நான்கையும் ஒன்றாக்கித்தான் கட்டவேண்டும். வெளிநாட்டு வரைபடம் எதையும் அப்படியே எடுத்து இங்கே கட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஊரில் மேசையைத் தீர்மானிப்பவை அறையின் வாசலும் ஜூன் மாத மழையும்தான்.

முதல் வேலை வாசலைப் பார்ப்பது. ஏழடிப் பலகையை நெடுக அறுக்க, பல்லுக்கு முன்னால் ஏழடியும் பின்னால் ஏழடியும் வேண்டும். பதினான்கு அடி அறையில் அது சுவருக்குச் சுவர் முட்டும். எனவே ரம்பம் வாசலை நேராகப் பார்க்கும்படி மேசையை வைத்தால், நீளப் பலகை தெருப்பக்கமிருந்து உள்ளே வரும். மற்ற நேரங்களில் மேசையைச் சுவரோரம் தள்ளிவிடலாம்.

சட்டத்துக்கு மரம் அறுக்குமுன் ரம்பத்தை வாங்கிவிடுங்கள். அதன் உயரம் தெரியாமல் மேசையின் எந்த அளவும் முடிவாகாது. பிறகு உங்கள் உயரம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுவே மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்குச் சுமார் 32 அங்குலம் வரும். கை இழைப்புளி அதிகம் ஓட்டுபவர் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

மேற்பரப்புக்கு நான் பிளைவுட்டைத்தான் சொல்வேன். தேக்குப் பலகைகளை ஒட்டிச் செய்தால் அழகு, மறுக்கவில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 13 சதவீத நீர் இருக்கும். காற்று 90ஐத் தொட்டு அப்படியே நின்றால் மரம் 20 வரை ஏறும். மரத்தில் 4 சதவீதம் ஏறினாலே, இரண்டடி அகலத் தேக்குப் பரப்பு அறுத்த வாட்டத்தைப் பொறுத்து 2 முதல் 4 மி.மீ. வரை விரியும். ரம்ப மேசைக்கும் ரூட்டர் தட்டுக்கும் இணையாக நிற்கவேண்டிய பரப்பு இப்படி ஆடிக்கு ஒரு அளவு, மாசிக்கு ஒரு அளவு என்று மாறக்கூடாது. பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு ரேகை குறுக்கே போவதால் இந்த விரிவு மிகவும் குறைவு. பிளைவுட் ஆலைகள் நிறைந்த பெரும்பாவூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் ஒன்று போதும். எட்டுக்கு நான்கு அடித் தகட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தடி வெட்டி ஒட்டினால் 36 மி.மீ. கனத்தில் மேற்பரப்பு தயார். மிஞ்சும் மூன்றடித் துண்டுகளில் ஒன்று ரம்பம் உட்காரும் தட்டு, மற்றது கீழ்த்தட்டு. வெட்டிய விளிம்புகள் தண்ணீரை உறிஞ்சும். சுற்றிலும் ஓர் அங்குலத் தேக்குப் பட்டியை ஒட்டி மூடிவிடுங்கள்.

முன்பக்கத் தேக்குப் பட்டியில் ஒரு வேலை உண்டு. அதில் ஒரு கோல் அளவைக் கோடு போட்டுப் பொறித்துக்கொள்ளுங்கள்: 24 விரல், விரலுக்கு 3 செ.மீ., மொத்தம் 72 செ.மீ. கேரளத்தின் பழைய வீட்டுக் கதவும் நிலையும் இந்தக் கணக்கில் செய்யப்பட்டவை. அடியிலும் மில்லிமீட்டரிலும் பொருந்தாமல் இழுக்கும் அளவு கோலில் வைத்தால் முழு எண்ணாக வந்து உட்காரும். உடைந்துபோன பகுதியின் அளவை ஊகிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கால்களுக்கும் சட்டத்துக்கும் அயினி. இங்கே ஆஞ்சிலி என்பார்கள். வள்ளம் கட்டும் மரம், ஈரத்துக்கு அஞ்சாது, தேக்கைவிட விலை குறைவு. இடித்த வீட்டு உத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய மரம். அறுக்குமுன் காந்தத்தை எல்லாப் பக்கமும் ஓட்டி ஆணிகளைப் பிடுங்கிவிடவேண்டும். மூன்றரை அங்குலச் சதுரத்தில் ஆறு கால்: ஐந்தடிப் பகுதிக்கு நான்கு, ரம்பத் தட்டின் வெளிமுனைக்கு இரண்டு. குறுக்குச் சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகப் பூட்டி மூங்கில் ஆணி அடியுங்கள். கழுந்தில் போடும் ஆணித்துளை ஒன்றரை மி.மீ. தோள் பக்கம் தள்ளியிருந்தால், ஆணி இறங்க இறங்க மூட்டு தானே இறுகும். நெடுஞ்சட்டங்களுக்கு மட்டும் போல்ட். வாடகை இடத்தைக் காலி செய்யும் நாளில் மேசையைக் கழற்றி இந்தக் குறுகிய சந்துகளில் தூக்கிப்போக வேண்டியிருக்கும்.

தரையையும் கவனிக்கவேண்டும். பழைய கிடங்கில் மட்டமான தரை கிடையாது. மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் வேலியேற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வருவதும் உண்டு. ஒவ்வொரு காலடியிலும் நட்டைப் புதைத்து, 12 மி.மீ. போல்ட்டைத் திருகி ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். காலின் அடிமுனையில் எபாக்ஸி பூசுங்கள். ரம்பப் பக்கத்துக் கால்களில் இரண்டு சக்கரத்தைத் தரையைத் தொட்டும் தொடாமலும் பொருத்தி, எதிர்முனையை இருவர் தூக்கினால் மேசை உருளும், கீழே வைத்தால் அசையாமல் நிற்கும்.

இனி ரம்பத்தைத் தட்டில் வைத்து, அடியில் மெல்லிய துண்டுகள் கொடுத்து, மேற்பரப்பைவிட ரம்ப மேசை ஒரு மி.மீ. மட்டும் உயர்ந்திருக்கும்படி செய்யவேண்டும். தாழ்ந்திருந்தால் அறுத்து வரும் பலகையின் முனை விளிம்பில் முட்டி நிற்கும், அது ஆபத்து. ரம்ப மேசையின் இரண்டு காடிகளையும் அதே நேர்கோட்டில் பிளைவுட்டுக்குள் பத்து அங்குலம் நீட்டிவிடுங்கள். ரூட்டர் தட்டு மறுமுனையில். அதற்கு வெட்டிய பள்ளத்தில் தட்டு சமமாக உட்காரவேண்டும். வேலையில்லாதபோது அதே அளவு பிளைவுட் மூடியைப் போட்டால் முழுப் பரப்பும் பசை வேலைக்குக் கிடைக்கும்.

வைஸ் முன்பக்கம் இடக்கோடியில், ஒன்பது அங்குலம், தாடைகளுக்கு மர முகம். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சர் ஆந்திரே ரூபோ தன் நூலில் வரைந்த மேசையில் காலின் முகமும் மேற்பலகையின் விளிம்பும் ஒரே தளத்தில் இருக்கும். அதை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் ஒரு முனையை வைஸ் பிடிக்க, மறுமுனை வலக்காலில் வரிசையாகத் துளைத்த முளையில் தங்கும். மேற்பரப்பில் 96 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. துளைகள் போடுங்கள், முளைகள் மரத்தில் இருக்கட்டும். செதுக்கு வேலைப்பாட்டில் இரும்பு படக்கூடாது.

கீழ்த்தட்டில் ஆறு அங்குல உயரத்தில் ஒரு தாழ்ந்த பலகைக்கும் இடம் விடுங்கள். இங்குள்ள மூத்த ஆசாரிமார் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பிடித்து உளி ஓட்டுபவர்கள். சிறு செதுக்கு வேலையில் அந்தப் பிடிக்கு எந்த வைஸும் ஈடில்லை. நின்று வேலை செய்யும்படி அவர்களை மாற்றுவதைவிட, மேசைக்குள் அவர்களுக்கும் இடம் செய்வது மேல்.

மின் இணைப்பை உரிமம் பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முழங்கால் தொடும் உயரத்தில் அவசர நிறுத்து பொத்தான், தண்ணீர் எட்டாத உயரத்தில் பிளக்குகள். தூசிக்கு வேக்குவம். பழைய பெயின்ட் உள்ள கதவை உப்புத்தாளால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்.

கட்டுவதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் மேசைக்கு அடியில் வைக்கப் பிப்ரவரியில் செய்யும் இழுப்பறைக்கு மேலே 3 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் ஜூலையில் திறக்காது. மேற்பரப்புக்கு ஆளி விதை எண்ணெயும் மெழுகும், மேலும் கீழும் ஒரே அளவில். ரம்பத்தின் மேசைக்கு மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை மெழுகு தேய்க்கவேண்டும், கடற்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். முதல் மழைக்காலம் கழிந்து அக்டோபரில் போல்ட்டுகளை மீண்டும் முடுக்கி மட்டம் பாருங்கள்.

பணம் போதவில்லை என்றால் இழுப்பறைகளைத் தள்ளிப்போடுங்கள், அடுத்த ஆண்டு செய்துகொள்ளலாம். வைஸிலும் ஆர்.சி.சி.பி.யிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.