கொட்டாங்குச்சியும் சரக்குதான்!

தேங்காய்ப் பருப்பை எடுத்ததும் கொட்டாங்குச்சியை அடுப்புக்கோ குப்பைக்கோ தள்ளிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். கொப்பரைக்குப் பேர்போன காங்கேயம் வட்டாரத்தில் இதைத் 'தொட்டி' என்பார்கள்; அங்கே அதற்கும் எடை போட்டு விலை பேசுகிறார்கள்.

காரணம், கரி. காற்றை அடக்கிச் சுட்டால் சுமார் 3 டன் கொட்டாங்குச்சியில் 1 டன் கரி கிடைக்கும். அந்தக் கரியை 900 டிகிரி அளவுச் சூட்டில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தினால் 'ஆக்டிவேட்டட் கார்பன்' ஆகிறது. குடிநீரை வடிகட்டவும், தங்கச் சுரங்கங்களில் பொன்னைப் பிரிக்கவும் அது பயன்படுகிறது. கொட்டாங்குச்சியை அரைத்த தூள் கொசுவர்த்திச் சுருளுக்குப் போகிறது.

கொப்பரை உடைப்பவர்களும் அழுகல் காய் கழிக்கும் மளிகைக்காரர்களும் செய்யவேண்டியது சிறிதே. நாரும் மண்ணும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கூரையடியில் சேர்த்து வைப்போம். ஈரம் எடையைக் கூட்டும், கரியைக் கூட்டாது. வாங்குபவர் விலையில் கழித்துக்கொள்வார்.

ஒற்றை மூட்டைக்கு வண்டி வராது. ஆகவே கடைத்தெருவில் நாலைந்து பேர், பக்கத்து ஓட்டல்காரரையும் சேர்த்துக்கொண்டு, ஒரே எடையாகக் கொடுப்போம். கொப்பரையில் லாபம் மெலியும் நாளில், இந்தக் காசு உடைகூலிக்காவது கைகொடுக்கும். காசு கொடுத்து வாங்கிய காயில் ஓட்டை மட்டும் ஏன் இனாமாகக் கொடுக்க வேண்டும்?