மின்வாயும் விதிநூலும்: குரோம்–மொலிப்டினம் உருக்கை ஒட்டுதல் பற்றிச் சில குறிப்புகள்

கஹவத்தைத் தோட்டப்புறத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நீராவிக் கொதிகலன் இருக்குமாயின், அது பெரும்பாலும் சாதாரணக் காபன் உருக்கால் ஆனதாகவே இருக்கும். அதனை ஒட்டுவதற்கு இ7018 வகை மின்வாய், அதாவது பட்டறை வழக்கிலே 'வெல்டிங் ராட்', பொதுவாகப் போதுமானது. ஆயின் அத்தொழிற்சாலைக்கு மின்னளிக்கும் வலையமைப்பின் பின்னால் நுரைச்சோலை போன்ற அனல் மின்நிலையங்கள் உள்ளன. அங்கு நீராவி ஏறத்தாழ 540 பாகை செல்சியசில் ஓடுகிறது. அவ்வெப்பத்தில் காபன் உருக்கு மெல்ல மெல்ல இழுபட்டுத் தளர்வுறும். குரோம்–மொலிப்டினம் உருக்கின் தேவை இங்கேயே எழுகிறது.

இவ்வுருக்குக்கு மின்வாய் தெரிவதன் அடிப்படை, வலிமை ஒப்புமை மட்டுமன்று, இரசாயன ஒப்புமையுமாகும். 1¼ சதவீதக் குரோமியத்துக்கு பி2, 2¼ சதவீதத்துக்கு பி3 எனும் வகைகள் வழங்குகின்றன. எளிதில் ஒட்டுகிறதென்று துருவேறா உருக்கு மின்வாயைப் பயன்படுத்துவோருமுளர். இரு உலோகங்களும் வெப்பத்தில் வெவ்வேறளவு விரிவதனாலும், காபன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்வதனாலும், அவ்விணைப்பு நாளடைவில் வெடிப்புறக்கூடும். மின்வாயின் ஈரம் ஐதரசனாக உலோகத்துட் புகுந்து வெடிப்பை உண்டாக்கும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எனவே மின்வாயை உலர்த்துதலும் உருக்கை முன்கூட்டிச் சூடாக்குதலும் இன்றியமையாதன.

சிக்கல் கூர்மையடைவது 9 சதவீதக் குரோமியங்கொண்ட 'தரம் 91' உருக்கிலேயாகும். ஒட்டிய உலோகம் நொறுங்காதிருக்க மின்வாயில் நிக்கலும் மங்கனீசும் சேர்க்கப்படுகின்றன. ஆனால் அவை கூடுந்தோறும் உருக்கின் உள்ளமைப்பு மாறத்தொடங்கும் வெப்பநிலை தாழ்கிறது. ஒட்டியபின் செய்யும் வெப்பப் பதப்படுத்தல் அவ்வெல்லையைக் கடந்தால், ஆறும்போது பதப்படாத, நொறுங்கும் அமைப்புத் தோன்றும். இதனாலேயே பிந்திய விதிகள் இவ்விரு தனிமங்களின் கூட்டளவை வரையறுத்து, பதப்படுத்தலின் உச்ச வெப்பநிலையையும் அதனோடு பிணைத்தன. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலே பி9 என்பது பி91 என மாறியது. ஆகவே பெட்டியின் பெயரை மட்டும் நம்புதல் தகாது. பணிக்குப் பொருந்தும் விதிநூற் பதிப்பு எது என்பதையும், அத்தொகுதி மின்வாயின் சோதனைச் சான்றிதழையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

விதிகள் வானத்திலிருந்து விழுந்தனவல்ல. 1863இற் கல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் வெடிப்பையடுத்தே 1864இல் வங்காளச் சட்டம் பிறந்தது. 1905இல் அமெரிக்காவின் புரொக்டன் நகர்ச் சப்பாத்துத் தொழிற்சாலையில் 58 பேர் மாண்ட வெடிப்பு, பின்னர் உருவான அமெரிக்கக் கொதிகலன் விதிநூலுக்குத் தூண்டுதலாயிற்று. இலங்கையிலும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலன்களுக்குக் காலமுறைப் பரிசோதனையை விதித்தது. உழைப்பாளர் உயிரே இவ்விதிகளின் விலையாக இருந்துள்ளது எனலாம்.

எனினும் அவ்விதிநூல்கள் இன்று விலைக்கு விற்கப்படும் ஆங்கிலப் பண்டங்களாகவே உள்ளன. மின்வாயைப் பிடிக்கும் கை ஒன்று. அதனைத் தெரியும் அறிவு வேறொன்று. ஆபத்தோ முதலாவது கைக்கே உரியது. திருச்சிராப்பள்ளியில் 1975இல் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ச்சியோடு பயிற்சியையும் இணைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் முன்னர் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு ஒரு வழி காட்டியது. அவ்வழி பல்கலைக்கழக வகுப்பறையோடு நின்றுவிடாது பட்டறை வாயில்வரை நீளவேண்டும். ஒட்டுபவன் தன் மின்வாய் ஏன் மாறியது என்பதைத் தன் மொழியில் அறியும்போதே விதி அவனுக்குக் காப்பாகும். அதுவரை அது அவன்மீது சுமத்தப்படும் கட்டளை மட்டுமே.