பொறையும் ஆள்வினையும்: துன்பம் பற்றிய ஆங்கிலச் சொற்கள் சில

ஆங்கிலப் பாடத்தில் ‘பேஷன்ஸ்’ என்னும் சொல் வருமிடமெல்லாம் ‘பொறுமை’ என்று பொருள் எழுதி மேலே செல்வது தமிழ்ப் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். ‘பெர்சிவியரன்ஸ்’ வந்தால் விடாமுயற்சி. ‘ஹார்ட்ஷிப்’ வந்தால் கஷ்டம். சிறிய அகராதிகள் இவ்வளவில் மனநிறைவு கொள்கின்றன. ஆனால் துன்பத்தைக் குறிக்கும் சொல் வேறு, அதனைச் சுமப்பதைக் குறிக்கும் சொல் வேறு, அதனை எதிர்த்து வினை செய்வதைக் குறிக்கும் சொல் வேறு. இவற்றைப் பிரித்துணராது வழங்கினால் ஒரு மக்களின் வரலாறே பிறழ எழுதப்படும். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் திறத்தில் அவ்வாறே நேர்ந்தது.

சொற்களின் பிறப்பை முதலில் நோக்குதல் நலம். ‘ஹார்ட்ஷிப்’ என்பதில் உள்ள ‘ஷிப்’ கப்பல் அன்று. தன்மை என்னும் பொருள் தரும் பழைய விகுதி. கடினத் தன்மை என்பதே சொல்லின் பொருள். மாணவர் சிலர் கப்பல் என்றே மயங்குவர். அம்மயக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பயணத்தைக் குறிக்கும் ‘டிராவல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், வருந்தி உழைத்தலைக் குறிக்கும் ‘டிரவெய்ல்’ என்னும் சொல்லும் ஒரு வேரின. மூன்று கழிகளை நட்டு ஆளைக் கட்டி வதைக்கும் கருவியின் இலத்தீன் பெயரிலிருந்து இவ்விரண்டும் வந்தன என்பர் மொழிநூலார். ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் படுத்து, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கிய முதியோர்க்கு இவ்வேரை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

உள்ளத் துயரைக் குறிக்கும் ‘ஆங்விஷ்’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் நெருக்குதல், குறுக்குதல் என்பதாம். கவலை என்னும் பொருளில் வழங்கும் ‘ஆங்ஸைட்டி’யும் அவ்வழிப்பட்டதே. குறுகிய கடல்வழியைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெய்ட்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் இக்கட்டான நிலையையும் குறிக்கும். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் 1946 வரை ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ என வழங்கியமையால், இந்நாட்டுத் தமிழர் அச்சொல்லை இடப்பெயராகவே அறிந்திருந்தனர். தமிழிலும் நெருக்கடி என்பது இடமின்மையையும் இன்னலையும் ஒருங்கே சுட்டுகிறது. இடுக்கண் என்னும் பழஞ்சொல்லிலும் இடுங்குதல், இடுக்கு என்னும் குறுக்கப்பொருள் புலப்படுகின்றது. தொலைவிலுள்ள இரு மொழியினரும் துன்பத்தை இடுக்கமாகவே கண்டனர் என்பது வியப்பிற்குரியது.

இனிச் சுமத்தலைக் குறிக்கும் சொற்கள். ‘சஃபர்’ என்பதன் இலத்தீன் மூலம் கீழிருந்து தாங்குதல். ‘டாலரேட்’ என்பதும் சுமத்தலே. ‘பேஷன்ஸ்’ துன்புறுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஆகவேதான் மருத்துவமனையில் கிடக்கும் நோயாளியும் ‘பேஷண்ட்’ ஆகிறான். தமிழ்ப் ‘பொறை’யும் இத்தன்மைத்தே. பாரம் என்பதும் அதற்குப் பொருள்; பொறுமை என்பதும் பொருள். ‘என்டியூர்’ என்னும் சொல் மட்டும் சற்றே வேறு. அதன் மூலம் கடினமாக்குதல். பச்சை மண் சூளையில் வெந்து கெட்டிப்படுதலை ஒப்பது. 1880களில் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகள் செங்கற் கட்டடங்களாக மாறியபோது சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆதலின், ஆசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெளியே செல்ல வேண்டுவதில்லை.

‘பெர்சிவியர்’ இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. மிகக் கண்டிப்பாயிருத்தல் என்பது அதன் மூலப்பொருள். அங்கே சுமை இல்லை. வினை உண்டு, வினையை விடாத உறுதி உண்டு.

இவ்வேற்றுமையைத் திருவள்ளுவர் அதிகார வைப்பிலேயே காட்டியிருக்கிறார். பொறையுடைமை 16ஆம் அதிகாரம். அறத்துப்பாலில் இல்லறவியலில் நிற்கிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கும் 60 முதல் 63 வரை, பொருட்பாலில் அரசியலில் தொடர்ந்து நிற்கின்றன. பொறை என்பது தமக்குத் தீங்கிழைத்தவனிடத்துத் தாமும் தீங்கு செய்யாது விடுதல். திருப்பிச் செய்ய வல்லவன் செய்யாது விடுவதே அறமாகும்; செய்ய வழியற்றவன் வாய்மூடியிருப்பதை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. இடுக்கணழியாமையோ வந்த துன்பத்திற்கு மனங்கலங்காது வினையைத் தொடர்தல். ஆங்கிலத்தின் ‘ஃபார்ட்டிடியூட்’ இதற்கு நெருங்கியது. ‘பேஷன்ஸ்’ என்னும் ஒரு சொல்லோ இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மலாயாத் தோட்ட முதலாளிகள் தென்னிந்தியத் தொழிலாளரை விரும்பியதற்குக் கூறிய காரணங்களுள் முதன்மையானது அவர்கள் ‘டோசைல்’ என்பது. அடங்கி நடப்பவர் என்று பொருள். இச்சொல்லின் வேர் கற்பித்தல் என்பதாம். எளிதிற் கற்பிக்கப்படத்தக்கவன் என்பதே தொடக்கப்பொருள். ஒரு மாணவனுக்குச் சூட்டிய பாராட்டு, காலப்போக்கில் கூலிக்காரனுக்கு இட்ட முத்திரையாயிற்று!

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்கள் அம்முத்திரையை அழித்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் முதலியோர் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். கோரிக்கைகளை நோக்கினால் சொல்லாராய்ச்சிக்கே அவை பாடமாகும். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பக் கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி வசதி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னனர். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னனர். துரையோ தோட்ட அலுவலரோ எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனைப் பொறுமைசாலி எனலாமா? இறங்காவிடில் வேலை போகும் என்ற நிலையில் அவனுக்குத் தெரிவு ஏது? அவன் சுமந்தது ‘ஹார்ட்ஷிப்’. அதனை ‘பேஷன்ஸ்’ என்று எழுதியது சுமத்தியவரின் மொழி. கோரிக்கை எழுதிச் சங்கத்தில் நின்றபோதுதான் ஆள்வினை தொடங்கிற்று.

அடுத்த இரண்டாண்டுகளில் நேர்ந்தது இதனினும் கொடிது. சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவரைக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. ஆங்கில நூல்கள் இதனை ‘ஆர்டீல்’ என்று குறிப்பதுண்டு. நெருப்பிலும் நீரிலும் இட்டுக் குற்றவாளியா எனத் தெளியும் பண்டைய விசாரணையே ‘ஆர்டீல்’. சோதனை என்று தமிழில் எழுதினாலும் அதே கருத்துத்தான். வாந்திபேதியில் மாண்டவர் எந்தக் குற்றத்திற்குச் சோதிக்கப்பட்டனர்? இவ்விடத்திற்குக் கொடுமை என்னும் எளிய சொல்லே பொருந்தும்.

இக்காலத்தில் மேடைதோறும் ஒலிக்கும் ‘ரிசிலியன்ஸ்’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். திரும்பத் துள்ளுதல் என்பது அதன் மூலம். ரப்பரின் தரத்தை அளக்க ஆராய்ச்சியாளர் கையாளும் சொல்லும் இதுவே. இழுத்து விட்டால் பழைய நிலைக்கு மீள்வது ரப்பரின் குணம். ரப்பர் மரம் சீவிய தொழிலாளியோ பழைய நிலைக்கு மீள விரும்பியவன் அல்லன். மீள்திறன் என்னும் மொழிபெயர்ப்பு அறிவியலுக்குச் செம்மையாக உதவும். மக்கள் வரலாற்றுக்கு அவ்வளவு உதவாது.

மலாய்மொழியும் இங்கு ஒரு விளக்கம் தருகிறது. வடமொழியின் உற்சாகம் அம்மொழியில் ‘உசாகா’ ஆகி முயற்சியைக் குறிக்கிறது. ‘செங்சாரா’ என்பதற்குப் பெருந்துன்பம் என்று பொருள்; அதுவோ தமிழர் வீட்டில் மனைவியைக் குறிக்கும் சம்சாரமே! வேடிக்கை பேசுவோர்க்கு இது போதும். பிறவித்துயர் என்னும் பழம்பொருளை மலாய் காத்துவைத்தது என்று ஆசிரியர் விளக்கலாம்.

வகுப்பறையில் இவ்வேற்றுமையை உணர்த்த இலக்கணமே துணை செய்யும். ‘என்டியூர்’, ‘சஃபர்’ ஆகிய வினைகளை நோக்கி ‘எதை?’ என்று வினவினால் விடை கிடைக்கும். தாங்கப்பட்ட துன்பமே அவ்விடை. ‘பெர்சிவியர்’ என்னும் வினையை நோக்கி ‘எதில்?’ என்றுதான் வினவ முடியும். விடை ஒரு செயலாக இருக்கும். கிள்ளான் தொழிலாளர் எதைத் தாங்கினர்? குறைந்த கூலியையும் அவமதிப்பையும். எதில் விடாது நின்றனர்? சம கூலியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்பதில். இவ்விரண்டு விடைகளையும் தனித்தனி ஆங்கில வாக்கியங்களாக மாணவர் எழுதிப் பார்த்தால், ‘பேஷன்ஸ்’ என்னும் சொல்லுக்கு இரண்டிலும் இடமில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வர்.